நான் சேர்த்து முறுக்கிய கம்பி

"மீட்டர் பொய் சொல்லாது" என்று என் வாயால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட முடியாது. கரண்டு ஆபீஸ் அதிகாரி மேல் கோபம். கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் குடித்தனக்காரன் மேல் கோபம். அவன் பெண்டாட்டி மேல்கூடக் கொஞ்ச நாள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் மேல். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

நான் நாலாங்கிளாஸ். என் அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் அடுத்தவர் வயலில் சேற்றில் நின்றவர். எனக்கு அது பிடிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கேபிள் சுருளைத் தோளில் சுமக்கிற கூலியாக வந்து சேர்ந்தேன். ஒயர்மேன் ஏணி மேல் நிற்பான், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருவனும் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணால் திருடினேன். ரெண்டு வருஷத்தில் நான் ஏணி மேல் இருந்தேன், வேறு ஒருவன் கீழே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு லைசன்ஸ். பரீட்சையில் கேள்வியை வாசிக்கவே எனக்குத் திணறியது, ஆனால் கையில் கம்பியைக் கொடுத்ததும் டிப்ளமா படித்த பையன்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள். டவுன்ஷிப்பை ஒட்டின மந்தாரக்குப்பத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டின வீடுகளில் என் கை படாத ஸ்விட்ச் போர்டு குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஏணி பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஒயர்மேன் மேலிருந்து சொல்வான்: "பேஸ்தாண்டா முக்கியம். பேஸ்தான் மீட்டர் வழியா வருது. நூட்ரல் எங்கியோ திரும்பிப் போற கம்பி. அதை எல்லாத்தையும் சேத்து முறுக்கிடு. தெருக் கொழா மாதிரி, அது பொது." கரண்டு வீட்டுக்குள் வருகிற கம்பி பேஸ், வேலையை முடித்துத் திரும்புகிற கம்பி நியூட்ரல். ரெண்டு வீட்டு நியூட்ரலையும் ஒரே பெட்டியில் சேர்த்து முறுக்கினால் கம்பியும் மிச்சம், வேலையும் மிச்சம். அதை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு வீடு இல்லை, ரெண்டு வீடு இல்லை, முதுகு ஒட்டின குடித்தனம் எதைக் கட்டினாலும் அப்படித்தான் செய்தேன்.

அந்தக் காலத்து மீட்டரில் கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம் சுற்றும். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. சக்கரம் அறுநூறு சுற்று சுற்றினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே எழுதியிருக்கும். எழுதியிருந்ததை எல்லாரும்தான் பார்த்தார்கள். நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்புக் கோடு ஒரு தடவை வந்து மறுபடி வர நூறு விநாடி ஆனால் வீட்டுக்குள் ஒரே ஒரு ஃபேன் ஓடுகிறது. ஒரு நிமிஷம் ஆனால் ஃபேனும் டியூப் லைட்டும். ஆறே விநாடியில் ஓடி வந்தால் ஆயிரம் வாட் ஹீட்டர், அடுப்பில் உலை கொதிக்கிறது. வாசலில் நின்றபடி உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த நிமிஷமே சொல்லுவேன்.

டவுன்ஷிப்பில் ஒரு இன்ஜினியர் நம்பவில்லை. அவர் குவார்ட்டர்ஸில் ரிப்பேருக்குப் போயிருந்தேன். உள்ளே போய் எதையோ போட்டுவிட்டு, "சொல்லுப்பா, என்ன ஓடுது?" என்று கத்தினார்.

சக்கரத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். "ஃபேன் ரெண்டு, அயர்ன் பாக்ஸ் ஒண்ணு. அயர்ன் பாக்ஸ் துணி மேல இல்ல சார், சும்மா நிக்குது, சூடானதும் தானா ஆஃப் ஆயி ஆயி வருது."

அவர் வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்த காலேஜ்?" என்றார். நான் கேபிள் சுமந்த தோளைக் காட்டினேன்.

இத்தனை திறமையையும் வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தித் திருடி என்றேன்.

என் வீட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து, ரெண்டு குடித்தனம் கட்டியிருந்தேன். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ரெண்டுக்கும் தனித்தனி கரண்டு இணைப்பு, தனித்தனி மீட்டர். ரெண்டும் என் பேரில்தான். மீட்டர்கள் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பலகையில், நான் வாசலில் போட்டு உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே.

அந்தப் பக்கக் குடித்தனத்தில் ரிட்டயர்டு கிளார்க் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு வந்தவர். குவார்ட்டர்ஸ்காரர்களுக்குக் கரண்டு என்றால் காற்று மாதிரி, காயில் ஹீட்டர் என்கிற கரண்டு அடுப்பில்தான் சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம். வெளியே வந்த பிறகும் அவர் வீட்டம்மாவுக்கு கேஸ் அடுப்பு என்றால் பயம். ஹீட்டரை விடவில்லை. வந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டார், "ஹீட்டர்தாங்க, பில்லு எவ்வளவு வந்தாலும் கட்டிடுவேன்." கட்டினார். மரியாதையான மனுஷன்.

இந்தப் பக்கக் குடித்தனத்தில் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள், பதினோரு வருஷமாக. பெண்டாட்டி டவுன்ஷிப் வீடுகளிலிருந்து துணி வாங்கி வந்து தேய்த்துக் கொடுப்பாள். கரிப் பெட்டியில். வாசலில் மேஜை போட்டு, காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு வரைக்கும் தேய்ப்பாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அந்த வருஷம் அவள் புருஷன் பேர் பர்மனென்ட் லிஸ்டில் வந்திருந்தது. ஆளைப் பற்றி விசாரித்து, வழக்கு, வம்பு எதுவும் இல்லை என்று தெரிந்தால் ஆர்டர். பதினோரு வருஷம் அவன் காத்திருந்தது அந்த ஒரு தாளுக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ரெண்டாயிரம் பிறந்த புதிது. ஒரு மழையில் அவர்கள் மீட்டர் புகைந்து போனது. கரண்டு ஆபீஸிலிருந்து புது மாதிரி மீட்டர் கொண்டு வந்து மாட்டினார்கள். சக்கரம் இல்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண்ணடிக்கும், மூவாயிரத்து இருநூறு தடவை கண்ணடித்தால் ஒரு யூனிட். அதன் பக்கத்தில் இன்னொரு விளக்கு, அதற்குக் கீழே எர்த் என்று போட்டிருந்தது. சில பேர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, திரும்பிப் போகிற கரண்டை அதில் இறக்கிவிட்டு மீட்டரை ஏமாற்றுவார்கள். அந்தத் திருட்டைக் காட்டிக் கொடுக்கிற விளக்கு அது. கிளார்க் பக்கத்தில் பழைய சக்கர மீட்டரே இருந்தது.

புது மீட்டர் வந்து முதல் பில் வந்ததும் அந்தப் பெண் யூனிட் குறிக்கிற கரண்டு கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இன்னா மாமா இது, ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. இம்மாம் வருமா? வயரிங்ல ஏதாவது கீதான்னு பாருங்களேன்."

வயரிங்கில். என் வயரிங்கில். அந்த ஒரு சொல்தான். என் வீட்டம்மா உள்ளே இருந்து, "கேக்குதில்ல, போய்ப் பாரேன்யா" என்றாள். நான் பார்த்தேன். சுவரைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு ஒரு நிமிஷத்துக்கு இருபத்தொன்பது தடவை கண்ணடித்தது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஐந்து போக மிச்சம் இருபத்து நாலு. அதை வாட்டில் போட்டால் நானூற்றைம்பது. நானூற்றைம்பது வாட் என்றால் சின்ன அயர்ன் பாக்ஸ். எர்த் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எண்ணிக்கை ஐந்துக்கு இறங்கியது, எர்த் விளக்கு அணைந்தது. அவள் வெளியே மேஜையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் எண்ணினேன். மூன்று நாளும் அதே கணக்கு, அதே நேரம். எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வெளியே கரிப் பெட்டியைக் காட்டிவிட்டு உள்ளே கரண்டுப் பெட்டி வைத்துத் தேய்க்கிறாள், அதுவும் எர்த்தில் இறக்கி, என்னிடமா என்று நினைத்தேன். பக்கத்திலேயே ஒரு முழம் தள்ளி கிளார்க்கின் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அவர் வைத்திருப்பது ஹீட்டர் என்று சொல்லிவிட்டார், பில் கட்டுகிறார், குவார்ட்டர்ஸில் இருந்த மனுஷன். துணி தேய்க்கிறவள்தான் திருடுவாள். என் அப்பாவை வரப்பில் நிறுத்திவைத்து நெல்லைத் திருடினாய் என்று மடியைச் சோதித்தவர்களுக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்?

நாலாம் நாள் அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன்.

"உள்ள இருக்கிற கரண்டுப் பொட்டிய எடுத்துக்கினு வா."

"எந்தப் பொட்டி மாமா?"

"நானூத்தைம்பது வாட்டு. நிமிசத்துக்கு இருபத்தொம்போது அடிக்குது. மூணு நாளா எண்ணிக்கினு கீறேன். யாருகிட்ட விடற கதை?"

"மாமா, கரிப் பொட்டிதான் மாமா. பாருங்க, நெருப்பு கீது."

"அது ஊருக்குக் காட்ட. எர்த்து லைட்டு எரியுதே, அதுக்கு இன்னா சொல்ற? கரண்டு திருடியா நீ?"

தெருவில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். அவள் உள்ளே போனாள். கதவை ரெண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தாள். "வந்து தேடுங்க" என்றாள். நான் போகவில்லை. பெண்பிள்ளை தனியாக இருக்கிற வீட்டுக்குள் போவதா என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எண்ணினவனுக்குத் தேட வேண்டிய அவசியம் என்ன என்ற திமிர்.

அந்தத் திமிரோடேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு கரண்டு ஆபீஸுக்குப் போய், "என் வீட்டில் திருட்டு நடக்குது, ஆளை அனுப்புங்க" என்று குதித்தேன். அதிகாரி, சின்ன வயசு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்தார். எர்த் விளக்கு எரிவதைப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்த்தார். அயர்ன் பாக்ஸ் இல்லை. "ஒளிச்சிருப்பாங்க" என்றேன் நான். அவர் தாளை எடுத்துத் திருட்டு என்றே எழுத ஆரம்பித்தார். இணைப்பு என் பேரில் என்பதால் என்னிடம் ஒரு கையெழுத்து. உபயோகிப்பவர் என்ற இடத்தில் அவள் புருஷன் பேர். திங்கட்கிழமை மேலே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வெள்ளி. அவன் முதல் ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்து மண்ணோடு வந்தான். என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, வர்ற வாரம் விசாரணைங்க. கேசுன்னு ஒண்ணு போயிடுச்சின்னா பேரை அடிச்சிடுவாங்க. பதினோரு வருசங்க ஐயா. இன்னா ஃபைன்னாலும் கட்டிடுறேங்க."

"ஃபைன் கட்டுறேன்னா ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கலீங்க. கட்டிடுறேன்றேன்."

"செய்யலன்னா ஏன்டா கட்டுற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தக் குனிவுதான் எனக்கு இன்னும் வெறி ஏற்றியது. போய்யா என்று விரட்டிவிட்டேன். என் வீட்டம்மா அன்றைக்குச் சாப்பாடு வைக்கும்போது தட்டை லொட்டென்று வைத்தாள். "அந்தப் பொண்ணு திருடாது. மொகத்தைப் பாத்தா தெரியல?" என்றாள்.

"மொகத்தைப் பாத்து வாட்டு தெரியாது. மீட்டரைப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப மீட்டரையே கட்டிக்கினு இருந்திருக்கலாம். என்னை எதுக்குக் கட்டின?"

சனிக்கிழமை காலை அவர்கள் ரெண்டு பேரும் ஒரு பையோடு கிளம்பினார்கள், அவள் அம்மா வீட்டுக்கு. கதவைப் பூட்டினாள். பிறகு மீட்டர் பலகைக்கு நேராக வந்தாள். மீட்டருக்குக் கீழே இருந்த பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். அது இல்லாமல் வீட்டுக்குள் பேஸ் போகாது, ஒரு குண்டு பல்புகூட எரியாது.

"இந்தாங்க வூட்டுக்காரரே. நாங்க வர்ற வரைக்கும் நீங்களே வச்சிக்குங்க. இப்ப யாரு திருடறான்னு எண்ணுங்க."

வீட்டுக்காரரே. மாமா போய்விட்டது. அவர்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பின்னாலிருந்து நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்திவிட்டுத் திரும்பினால், சிவப்பு விளக்கு கண்ணடிக்கிறது.

ஃபியூஸ் என் கையில். வீடு பூட்டி. விளக்கு கண்ணடிக்கிறது, எர்த் விளக்கு எரிகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு இருபத்தேழு.

 எனக்கு வந்தது ஆத்திரம். எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகக் கிளார்க்கின் சக்கரத்தைப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஆறு விநாடிக்கு ஒரு தடவை பறந்து வந்தது. அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, ஹீட்டரை ஆஃப் பண்ணுங்க."

"குழம்பு பாதியில இருக்குங்க."

"குழம்பு நாசமாப் போவட்டும், ஆஃப் பண்ணுங்கம்மா!"

ஆஃப் பண்ணினாள். சக்கரம் தளர்ந்தது. பூட்டின வீட்டு மீட்டரில் எர்த் விளக்கு அணைந்தது, சிவப்பு விளக்கு தூங்குகிற மாதிரி எப்போதோ ஒரு தடவை கண்ணடித்தது. "ஆன் பண்ணுங்க" என்றேன். மறுபடி இருபத்தேழு. ஏழெட்டுத் தடவை அந்த அம்மாவை ஆன், ஆஃப் என்று ஆட்டி வைத்தேன். கிளார்க் வெளியே வந்து, "என்னங்க, வீட்ல சமைக்கிறதா வேண்டாமா?" என்று கேட்டார். 

எனக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு வீட்டுக்கும் நடுச் சுவரில், பரண் உயரத்தில், நான் என் கையால் ரெண்டு நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றின பெட்டி. கிளார்க் வீட்டு ஹீட்டருக்குப் போன கரண்டு, திரும்பும்போது அந்த முறுக்கில் வந்து ரெண்டாகப் பிரிகிறது. பாதி அவர் மீட்டர் வழியாக, பாதி இவள் மீட்டர் வழியாக. பழைய சக்கரம் வருகிற கம்பியை மட்டும்தான் எண்ணும், திரும்புகிறதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் இத்தனை வருஷம் ஒன்றும் தெரியவில்லை. புது மீட்டர் போவதையும் எண்ணுகிறது, வருவதையும் எண்ணுகிறது, ரெண்டில் எது அதிகமோ அதைப் பில்லில் போடுகிறது, ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருட்டு என்று விளக்கைப் போடுகிறது. ஆயிரம் வாட் ஹீட்டரில் பாதி ஐந்நூறு. இவள் வீட்டு ஃபேன், லைட்டின் கரண்டிலும் பாதி அந்தப் பக்கம் திரும்பிவிட, என் கணக்கில் நானூற்றைம்பது மிஞ்சியது. அதைத்தான் நான் அயர்ன் பாக்ஸ் என்று எண்ணினேன். எண்ணினது சரி. ஒவ்வொரு எண்ணும் சரி.

திங்கள் காலை ஆபீஸ் திறக்குமுன் போய் நின்றேன். அதிகாரி வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பெரியவரே, இன்னிக்கு யார் வீட்ல திருட்டு?"

"அந்தத் தாளை அனுப்பாதீங்க சார். திருட்டு இல்ல. வயரிங் கோளாறு."

"அன்னிக்குத் திருட்டுன்னு நீங்கதான வந்து குதிச்சீங்க?"

"ஆமா சார். இன்னிக்கு இல்லன்னு குதிக்க வந்துக்கிறேன்."

"விளக்கு எரியுது, நானே பார்த்தேன். மனசு இரங்கிப் போய்ப் பேசறீங்க. உங்களுக்கு இந்த மீட்டரெல்லாம் புரியாது, இது எலக்ட்ரானிக். படிச்சவங்களுக்கே குழப்பம்."

எனக்கு எங்கே சுட்டதோ. "படிச்ச நீங்க ஒரு தடவ ஃபியூஸைப் புடுங்கிப் பாத்தீங்களா சார்?" என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பியது. "அந்தப் பொண்ணு புடுங்கிக் குடுத்துது, நாலாங்கிளாஸ் நான் பாத்தேன். வூடு செத்துக் கெடக்குது, உங்க விளக்கு கண்ணடிக்குது. வந்து பாருங்க. பாக்காம அந்தத் தாளு இந்த ஆபீஸைத் தாண்டினா நான் வாசல்லியே உக்காந்துக்குவேன்."

வந்தார். என் தொல்லை பொறுக்காமல்தான் வந்தார். அவள் என்னிடம் கொடுத்துப் போன ஃபியூஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கிளார்க் வீட்டம்மாவிடம் சொன்னேன், அந்த அம்மா இப்போது கோபத்தோடு ஹீட்டரைப் போட்டாள். விளக்கு கண்ணடித்தது. அதிகாரி ஃபியூஸைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். கிளார்க் வீட்டுப் பக்கத்தில் ஏணியைப் போட்டு அந்தப் பெட்டியைத் திறந்து முறுக்கைக் காட்டினேன்.

"இதை யார் போட்டது?"

"நான்."

"லைசன்ஸ் இருக்கா உங்களுக்கு?"

அந்தக் கேள்வி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தொழில்காரனுக்குத்தான் தெரியும். உள்ளே போய் லைசன்ஸ் புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, என் கையால் எழுதச் சொன்னார். ரெண்டு இணைப்பின் நியூட்ரலையும் நான் தவறாகச் சேர்த்துவிட்டேன், குடியிருப்பவர் மேல் தப்பு இல்லை, புகார் கொடுத்ததும் நான், அதை வாபஸ் வாங்குகிறேன். இவ்வளவுதான். இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. 'தவறாக' என்ற சொல்லுக்குப் பெரிய ற-வா சின்ன ர-வா என்று கேட்கக் கூசிக்கொண்டு ரெண்டு தடவை அடித்து எழுதினேன். கீழே லைசன்ஸ் நம்பர். அவர் திருட்டுத் தாளை என் முன்னாலேயே கிழித்தார். லைசன்ஸ் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "விசாரிச்சுட்டுத் தருவாங்க" என்றார். போகும்போது, "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் பாராட்டு அவருக்கே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேசு இல்லை, தாளு கிழிந்தது, விசாரணைக்குத் தைரியமாகப் போ என்றேன். அவன் என் காலில் விழப் போனான். தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன், தூக்கினதில் அவனுக்கு வலித்திருக்கும். "உன்னைத் திருடன்னவன் கால்ல ஏன்டா விழற? அன்னிக்கே என் சட்டையப் புடிச்சிருக்க வேணாமா?"

அவள் உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வேறு வீடு பார்த்துவிட்டார்கள். நான் நிலைப்படியில் நின்று, "தப்பு என்னுதாம்மா" என்றேன். வாழ்க்கையில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் நிமிரவில்லை. "தெருவுல சொன்னீங்க. இப்ப வூட்டுக்குள்ள வந்து தப்புன்றீங்க."

ஒரு நிமிஷம் எனக்கு அவளை அறைய வேண்டும் போல வந்தது. பிறகு அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பு இல்லை என்று தெரிந்தது. அது இன்னும் கோபம். வெளியே வந்தேன். காலை பத்து மணி, தெருவில் ஆள் நடமாட்டம். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று கத்தினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் பொண்ணு கரண்டு திருடல! வயரிங் என்னுது, தப்பு என்னுது!"

சைக்கிளில் போனவன் காலை ஊன்றினான். ரெண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"எண்ணிக்கினு வந்து சொன்னீங்களே, இருபத்தொம்போதுன்னு," என்றாள். "ஜனங்களுக்கு அதான் ஞாபகம் கீது. கொழாயடியில அதைச் சொல்லித்தான் சிரிக்கறாங்க. அதையும் சொல்லுங்க."

சொன்னேன். தெரு நடுவில் நின்று, இருபத்தொன்பதில் ஐந்து போனால் இருபத்து நாலு, அது இவள் வீட்டில் எரியவே இல்லை, பக்கத்து வீட்டு ஹீட்டரில் பாதி, நான் சேர்த்து முறுக்கின நியூட்ரலில் திரும்பி வந்தது என்று, பேஸுக்கு ஒரு விரலும் நியூட்ரலுக்கு ஒரு விரலும் நீட்டி, ரெண்டு விரலையும் சேர்த்து முறுக்கிக் காட்டி, தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னேன். ஒருவன், "பெருசு காலங்காத்தால இன்னா க்ளாஸ் எடுக்குது?" என்றான். அவனையும் விடாமல் பிடித்து நிறுத்திச் சொன்னேன். என் வீட்டம்மா வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், அழுதாளா சிரித்தாளா தெரியாது. அந்தப் பெண் கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் அடுத்த சாக்கைக் கட்டினாள். மத்தியானம் மாட்டு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் எதிர்ச்சாரி டீக்கடைக்காரன் கையில் வடிகட்டியோடு ரோட்டைத் தாண்டி வந்தான். அவன் மட்டும்தான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான்.

"ஏன் மேஸ்திரி, என் கடையும் பின்னால வூடும் ஒரே சொவரு. வயரிங் நீதான போட்ட? எனக்கும் போன வாரம் புது மீட்டரு மாட்டிட்டாங்க."

"ஆமாண்டா, நான்தான் போட்டேன்" என்று கத்தினேன். "பாய்லரை நிறுத்து. ஏணிய எடுத்துக்கினு வர்றேன்."

"லைசன்ஸைப் புடுங்கிட்டாங்கன்றாங்களே?"

"லைசன்ஸ் வச்சிக்கினு கெடுத்ததை லைசன்ஸ் இல்லாம பிரிக்கறேன், தள்ளு."